ஆறு மணிக்குள் ஒரு கையெழுத்து

எனக்குக் கோபம் வந்தால் முதலில் கை வேலை செய்யும், அப்புறம்தான் மூளை. என் வீட்டுக்காரர் இதைக் கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டார். எனக்கு அது உறைக்க ஒரு புதன்கிழமை தேவைப்பட்டது. அன்றைக்கு நடந்ததை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது, சிரிப்பும் வருகிறது.

செஞ்சியில் திண்டிவனம் ரோட்டோரம் ஒரு மாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் நேரில் பார்த்தே இராத ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்கு வேலை செய்கிறேன். அவர்களுடைய போன் ஆப்பில் ஒவ்வொரு பட்டனாக அழுத்திப் பார்த்து, எது எங்கே உடைகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உடைப்பதற்கு ஒரு சம்பளமா என்று சிங்கவரத்தில் என் சொந்தக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். ஆனால் நான் அந்தக் கம்பெனியின் ஆள் இல்லை, காண்ட்ராக்ட். எனக்கும் கம்பெனிக்கும் நடுவில் சென்னையில் ஒரு ஆள்சேர்ப்பு ஏஜென்சி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை காண்ட்ராக்டைப் புதுப்பித்துத் தர வேண்டியவர் அந்த ஏஜென்சியில் எனக்கென்று இருக்கும் ஏஜென்ட். கம்பெனிக்காரர்களிடம் இதைப் பற்றி நான் நேரடியாகப் பேசக் கூடாது. அது விதி.

இந்த ஏஜென்ட் பையன் என்னை வேலையில் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு நாளைக்கு ஐந்து முறை கூப்பிட்டான். "மேம், சாப்டீங்களா மேம்" என்றுகூடக் கேட்டான். சேர்ந்த மறுநாளிலிருந்து ஆளையே காணோம். ரின்யூவல் வரும்போதெல்லாம் நான் பத்து முறை போன் போட்டால், பதினோராவது முறைக்கு "நோட்டட் மேம்" என்று இரண்டு சொல் வரும். எப்படியோ காகிதமும் வந்துவிடும். நாலு முறை அப்படித்தான் ஓடியது.

ஐந்தாவது முறை அந்த இரண்டு சொல்லும் வரவில்லை. மூன்று வாரம் மெசேஜ் போட்டேன். போய்ச் சேர்ந்ததற்கான இரண்டு டிக் விழும், படித்ததற்கான நீலம் விழாது. போன் அடிக்கும், எடுக்க மாட்டான். வெள்ளிக்கிழமையோடு காண்ட்ராக்ட் முடிகிறது. பொறுக்க முடியாமல் விதியை மீறிக் கம்பெனியில் என் டீம் லீடிடம் கேட்டேன். "எங்க பக்கம் எப்பவோ ஓகே பண்ணிட்டோம். மீதி உங்க ஏஜென்சிதான்" என்றார். கூடவே ஒரு குண்டையும் போட்டார். இடையில் ஒரு நாள் விட்டுப்போனாலும் நான் புது ஆளாகத்தான் சேர வேண்டும். புது ஆட்கள் எல்லாரும் சென்னை அலுவலகத்துக்கு வர வேண்டும். வீட்டிலிருந்து வேலை என்பது பழைய ஆட்களுக்கு மட்டும்.

சென்னை எனக்குப் பழக்கமில்லாத ஊர் இல்லை. முந்தைய வேலைக்காக மூன்று வருஷம் அங்கே ஒரு ஹாஸ்டலில் இருந்தவள்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் திண்டிவனம் வந்து, அங்கே மாறி செஞ்சிக்கு வருவேன். ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவேன். அப்போது என் மகள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் என்னைச் 'சனிக்கிழமை அம்மா' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வேடிக்கையாகச் சொல்லவில்லை, அடையாளத்துக்குச் சொன்னாள். இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள், நான் அவளுக்கு வெறும் அம்மா. மறுபடி சனிக்கிழமை அம்மா ஆவதற்கு என்னால் முடியாது. 

இதே ஏஜென்ட்டிடம் மாட்டிக்கொண்ட இன்னொருத்தியும் உண்டு. அனந்தபுரத்துப் பெண், என்னைவிட ஐந்து வயது சின்னவள், திண்டிவனம் பஸ்ஸில் பழக்கமானவள். அவளுக்கும் இதே கம்பெனி, இதே வெள்ளிக்கிழமை. அந்தப் புதன்கிழமை செஞ்சியில் மாதாந்திரப் பராமரிப்புக்காக கரண்ட் இல்லை. காலை ஒன்பது மணிக்குப் போனது. நான் லேப்டாப் சார்ஜைக் கஞ்சத்தனமாகச் செலவு செய்துகொண்டு, செஞ்சி மலைப் பாறையிலிருந்து இறங்குகிற வெக்கையில் வெந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு அவள் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, இவன் இன்னா நம்மள செத்துட்டோம்னு நெனச்சுக்கினானா?"

"நேத்து வரைக்கும் அறுபது மெசேஜ் போட்டேன். ஒரு 'ம்' கூட இல்ல."

"வா, ஆபீசுக்கே போயி சட்டையப் புடிக்கலாம்."

போய்ச் சேரவே இருட்டிவிடும். அப்போதுதான் எனக்குக் கமிட்டி ஞாபகம் வந்தது. கமிட்டி என்றால் எங்கள் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். நெல்லும் மணிலாக் கடலையும் ஏற்றிக்கொண்டு வண்டிகள் வரிசையாக நிற்கும். சின்ன வயதில் நைனாவோடு போய் மூட்டை மேல் உட்கார்ந்திருப்பேன். அங்கே ஒன்றைக் கவனித்திருக்கிறேன். கீழே இறக்கிவைத்த மூட்டையை எந்த வியாபாரியும் திரும்பிப் பார்க்க மாட்டான், அது எங்கேயும் போகாது என்று அவனுக்குத் தெரியும். அப்போதுதான் வாசலுக்குள் நுழைகிற வண்டியைத் தேடி எல்லாரும் ஓடுவார்கள். நாங்கள் இரண்டு பேரும் இறக்கிவைத்த மூட்டைகள்.

"ஏண்டி, நாம மறுபடி வண்டில ஏறிக்கினா இன்னா?" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. நான் லேப்டாப்பைத் திறந்து, வேலை தேடுகிறவர்கள் பேரைப் பதிகிற தளத்தில் தூசு படிந்து கிடந்த என் பக்கத்தைத் திறந்தேன். 'காப்பீட்டு ஆப் சோதனையில் அனுபவம், உடனடியாகச் சேரத் தயார்' என்று மாற்றிச் சேமித்தேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, போன் அடித்தது. தெரியாத நம்பர். எங்களுக்குத் தெரியாத நம்பரை எடுக்கிற வழக்கமே கிடையாது. காண்ட்ராக்ட்காரர்களுக்கு லோன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று நாளெல்லாம் கூப்பிடுவார்கள். யார் கூப்பிடுகிறார்கள் என்று காட்டும் ஆப் ஒன்றை என் போனில் ஏற்றி, தொல்லை நம்பர்களைப் புகார் செய்து அடைத்துவைக்கச் சொல்லித் தந்தவளே இவள்தான். அன்றைக்கு மட்டும் எல்லாவற்றையும் எடுத்தேன். பெங்களூர் மூன்று பேர், நொய்டா இரண்டு பேர், சென்னை நாலு பேர். எல்லாரும் 'மேம், மேம்' என்று உருகினார்கள். மூன்று வாரமாக நாய்கூடச் சீந்தாத எனக்கு, அரை மணி நேரத்தில் ஒன்பது போன். சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோதுகூட இத்தனை மரியாதை கிடைத்ததில்லை.

பத்தாவது போன் எங்கள் ஏஜென்சியிலிருந்தே வந்தது. ஒரு பெண், குரலிலேயே புதுசு என்று தெரிந்தது. நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"மேம், ஒரு அர்ஜென்ட் ஓப்பனிங் மேம். இன்சூரன்ஸ் ஆப் டெஸ்டிங். உங்க ப்ரொபைலுக்கு அப்படியே பொருந்துது."

அவள் வேலையை விவரிக்க விவரிக்க எனக்குப் புல்லரித்தது. அதே கம்பெனி, அதே டீம், அதே ஷிப்ட். என் நாற்காலியை எனக்கே விற்கிறாள்!

"ஏற்கெனவே அந்த சீட்டுல இருந்தவங்க இன்னா ஆனாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க ரின்யூவலுக்கு ரெஸ்பாண்டே பண்ணல மேம். பத்து நாள் பாத்துட்டு சிஸ்டமே சீட்டக் காலின்னு காட்டிடும்."

 அறுபது மெசேஜ் போட்டவள் பதில் சொல்லவில்லையாம்! எனக்கு வந்த கோபத்தில் லேப்டாப் தப்பியது பெரிய விஷயம். அனந்தபுரத்தாள் முந்திக்கொண்டு போனுக்குள் கத்தினாள்.

"ஏம்மா, அந்த சீட்டுல இருந்தவங்களே இவங்கதான். பேரப் பாத்தியா இல்லியா?"

அந்தப் பக்கம் கீபோர்ட் தட்டுகிற சத்தம். பிறகு "ஐயோ மேம்" என்று ஒரு சின்னக் குரல். எங்கள் ஏஜென்ட் மூன்று வாரத்துக்கு முன்பே அந்த வேலையை விட்டுப் போய்விட்டானாம். இவள் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. எங்கள் மெசேஜ் எல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டேன். இழுப்பறையைத் திறக்கிற சத்தம் எங்களுக்கே கேட்டது.

"மேம், இங்க அவரோட ஆபீஸ் போன் இருக்குது. சார்ஜர்லயே கெடக்குது. உங்க மெசேஜ் அறுபத்தொண்ணு இருக்குது மேம். இன்னொருத்தங்களது நாப்பது..."

"அந்த நாப்பது நானு" என்றாள் அனந்தபுரத்தாள்.

மூன்று பேரும் சிரித்தோம். இழுப்பறைக்குள் இருந்த ஒரு போனிடம்தான் இத்தனை நாள் கெஞ்சினேனா என்று எனக்கு மானம் போயிற்று. அந்தப் பெண் நல்லவள், போனை வைக்காமல் தேடினாள். "மேம், சார் போறப்ப ஒரு குறிப்பு எழுதி வச்சிருக்காரு. 'ரெண்டு பேருக்கும் என் சொந்த நம்பர்ல இருந்து தகவல் சொல்லிவிட்டேன்'னு இருக்குது."

நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தெரியாத நம்பர்!

என் போனில் அடைத்துவைத்த நம்பர்களின் பட்டியலைத் திறந்தேன். இருந்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரே நாளில் நாலு முறை கூப்பிட்ட ஒரு நம்பர். லோன்காரன் விடாமல் அடிக்கிறான் என்று எரிச்சலில் நானே புகார் அழுத்தி அடைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவன் கூப்பிட்ட ஐந்து முறையும் எனக்குத் தெரியவே இல்லை. அவன் அனுப்பிய மெசேஜும் அந்தக் குப்பையிலேயே கிடந்தது. 'மேம், இன்னிக்கு ஆபீஸ் போனத் திருப்பிக் குடுத்துட்டேன். உங்க பர்சனல் மெயிலுக்கு ரின்யூவல் லிங்க் வரும், ஸ்பாம்ல பாருங்க. 29ஆம் தேதி சாயங்காலம் ஆறு மணிக்குள்ள சைன் பண்ணுங்க. அப்புறம் லிங்க் ஓப்பன் ஆகாது.'

அன்றைக்குத் தேதி இருபத்தொன்பது. மணி ஐந்தே கால்.

"கையெழுத்துப் போட்டா சீட்டு திரும்பக் கெடைக்குமா?" என்று போனில் இருந்த பெண்ணைக் கேட்டேன். "யாரும் இன்னும் செலக்ட் ஆகல மேம், ஆறு மணிக்குள்ள போட்டுட்டா உங்களுதுதான்" என்றாள். பிறகு நடந்தது எல்லாம் ஓட்டம்.

அனந்தபுரத்தாளின் போனிலிருந்து லேப்டாப்புக்கு இணையம் எடுத்தோம். மெயில் குப்பையில் லிங்க் இருந்தது. முதலில் அவளைப் போடச் சொன்னேன், சின்னவள் என்று ஒரு பெருந்தன்மை. அவள் போனுக்கு ஓடிபி வந்தது, கையெழுத்து விழுந்தது, வீட்டுக்குள்ளேயே குதித்தாள். அடுத்தது நான். பக்கம் பக்கமாகத் தள்ளி, கடைசியில் 'ஓடிபி அனுப்பு' என்பதை அழுத்தினேன். அந்த நேரம் பார்த்து என் போன் கறுத்துப்போனது. பத்து பேரிடம் வாய் வலிக்கப் பேசியதில் இருந்த சார்ஜ் எல்லாம் கரைந்துவிட்டது. கரண்ட் இன்னும் வரவில்லை. மணி ஐந்து முப்பத்தாறு.

"கடைக்கு!" என்றேன். கூட்ரோட்டில் என் வீட்டுக்காரர் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அங்கே இன்வெர்ட்டர் உண்டு.

லேப்டாப்பை மூடினால் அந்தப் பக்கம் போய்விடுமோ என்று பயந்து, திறந்தபடியே மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தேன். கமிட்டிக்குப் போகிற நெல் வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அவள் மண்ணில் இறக்கி, ஒரு இளநீர்க் கடைக்குப் பின்னால் புகுந்து, எதிர் ரோட்டில் ஏறினாள். "யம்மா, படம் பாத்துக்கினே போறியா?" என்று ஒரு டிராக்டர்காரர் கத்தினார். பயத்தில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். ஏனோ வரவில்லை. உடம்பெல்லாம் ஒரு ஜிவ்வென்ற வேகம், பள்ளிக்கூட ஓட்டப் பந்தயத்தில் விசில் ஊதியதும் வருமே, அந்த மாதிரி.

கடையில் வீட்டுக்காரர் யாருடைய போனையோ ஒட்டி முடித்து, திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"சார்ஜ்! சீக்கிரம்!"

அவர் என் போனை வாங்கிப் பார்த்தார். "இது முழுசா செத்துடுச்சி. உயிர் வரவே பத்து நிமிஷம் ஆவும். இன்னா அவசரம்?"

"ஓடிபி வரணும். ஆறு மணிக்குள்ள. இல்லன்னா மெட்ராசு."

அவர் ஊசியை எடுத்து என் சிம்மை வெளியே தள்ளினார். அப்போதுதான் ரிப்பேர் முடிந்த அந்த வாடிக்கையாளர் போனில் போட்டார். அது உயிர் பெற்று, சிக்னல் தேடி, ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஏறுவதை நாலு பேரும் மூச்சுவிடாமல் பார்த்தோம். மறுபடி 'ஓடிபி அனுப்பு' அழுத்தினேன். யாரோ ஒருவருடைய போனில், அவர் வைத்திருந்த முருகன் படத்துக்கு மேலே, என்னுடைய ஆறு எண்கள் வந்து விழுந்தன.  மகள் ஒவ்வொன்றாக வாசித்தாள், நான் அடித்தேன்.

பச்சை டிக் விழுந்தபோது ஐந்து ஐம்பத்திரண்டு. அனந்தபுரத்தாள் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஏஜென்சிப் பெண் அனந்தபுரத்தாள் போனுக்குக் கூப்பிட்டு, "மேம், உங்க ரெண்டு சீட்டும் லிஸ்ட்ல இருந்து போயிடுச்சு!" என்று எங்களுக்கு மேல் கத்தினாள். நான் மகளைத் தூக்கிக்கொண்டேன். அவள் கனமாகிவிட்டாள், இருந்தாலும் இறக்க மனம் வரவில்லை.

வீட்டுக்காரர் எல்லாருக்கும் டீ சொன்னார். குடித்துக்கொண்டே அந்தப் பையனை நினைத்தேன். மூன்று வாரமாக நான் திட்டாத திட்டு இல்லை. அவனோ வேலையை விட்டுப் போகிற நாளிலும் எங்களுக்காக ஒன்பது முறை கூப்பிட்டிருக்கிறான். உடனே நன்றி சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. என் சிம் இன்னும் அந்த வாடிக்கையாளர் போனில்தான் இருந்தது. ஏஜென்சிப் பெண்ணிடம் அவன் சொந்த நம்பரைக் கேட்டு வாங்கி, அதிலிருந்தே போட்டேன்.

அந்தப் போனிலும் அதே ஆப் இருந்தது. போட்டதும் திரை முழுக்கச் சிவப்பு வந்தது. 'லோன் தொல்லை. 2 பேர் புகார்.'

இரண்டு பேர். நான் நிமிர்ந்து பார்த்தேன். அனந்தபுரத்தாள் டீ டம்ளரை வாயிலிருந்து எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டான். "மேம்! சைன் பண்ணிட்டீங்களா மேம்?" என்பதுதான் முதல் பேச்சு. பண்ணிவிட்டோம் என்றேன். "அப்பாடா" என்றான், தன் வேலை முடிந்த மாதிரி. அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

"நானும் காண்ட்ராக்ட்தான் மேம், உங்களுக்குத் தெரியாதா? வேற ஒரு ஏஜென்சி மூலமா இருந்தேன். ரின்யூ ஆகல. வேற எடம் பாத்துத் தரேன்னு எங்க ஏஜென்ட் சொன்னாரு, ஆனா போனே எடுக்க மாட்டேங்கிறாரு மேம். அவரு மட்டும் இல்ல, யாருக்குப் போட்டாலும் எடுக்க மாட்டேங்கிறாங்க. மூணு வாரமா ஏன்னே புரியல."

எனக்குப் புரிந்தது. அந்தச் சிவப்புத் திரை எல்லாருடைய போனிலும் வருகிறது. டீ டம்ளரைக் கீழே வைத்தேன். வெட்கமாக இருந்தது, அத்தனை சந்தோஷத்துக்கு நடுவில் அப்படி ஒரு வெட்கம்.

எப்போதும் 'சார்' என்று மெசேஜ் போட்டவள், "தம்பி" என்றேன். "ஒரு பத்து நிமிஷம் கழிச்சு உங்க ஏஜென்ட்டுக்கு மறுபடியும் போடுங்க."

"மூணு வாரமா எடுக்காதவரு பத்து நிமிஷத்துல எடுப்பாரா மேம்?"

"போட்டுத்தான் பாருங்களேன்."

அதற்குள் சார்ஜரில் இருந்த என் போனுக்கு உயிர் வந்துவிட்டது. கடை இணையத்தில் ஆப்பைத் திறந்து என் புகாரையும் அடைப்பையும் எடுத்தேன். வாடிக்கையாளர் போனில் மறுபடி போட்டுப் பார்த்தோம், 'ஒருவர் புகார்' என்றது. அனந்தபுரத்தாள் தன் போனை எடுத்துத் தானும் அழுத்தினாள். அடுத்த முறை திரையில் சிவப்பு இல்லை, வெறும் நம்பர்தான் வந்தது. வீட்டுக்காரர் சிம்மைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளர் போனை உறையில் போட்டார்.

மகளைக் கூட்டிக்கொண்டு வீடு வந்து சேரும்போது கரண்ட் வந்திருந்தது. படியேறிக்கொண்டிருக்கையில் அவனிடமிருந்து மெசேஜ் வந்தது. 'மேம்!! எடுத்துட்டாரு மேம்! நாளைக்கு இன்டர்வியூ! எப்படி மேம்? உங்களுக்கு எப்படித் தெரியும்?'

படித்தேன், நீல டிக் விழுந்திருக்கும். பதில் அடிக்க ஆரம்பித்து அழித்தேன், மறுபடி அடித்து மறுபடி அழித்தேன். இன்டர்வியூ இன்னா ஆச்சு என்று பிறகு கேட்டு, வேலை கிடைத்துவிட்டது என்று அவன் சொல்லி, வாழ்த்தெல்லாம் அனுப்பியாயிற்று. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் இன்னும் பதில் போடவில்லை.